பேட்டரியில் இருக்கிறது, பல்பில் இல்லை

பழைய புல்லட் வைத்திருப்பவர்களின் புகார்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது. ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் எஞ்சின் நின்றுவிடுகிறது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து லேசாக எரிகிறது. காலையில் ஒரே கிக்கில் கிளம்பும் வண்டி, கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் படுத்துவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி கிளம்புகிறது. வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனால் முதலில் பேட்டரி மாறும், அடுத்த முறை காயில், அதற்கடுத்து ரெக்டிஃபையர். செலவு ஏறிக்கொண்டே போகும், கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பழைய வண்டியில் வரும் மின்கோளாறுகளில் பெரும்பாலானவை பாகங்களில் இருப்பதில்லை. ஒரு பாகத்தை இன்னொன்றோடு சேர்க்கும் இணைப்புகளில் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதியும், எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரும் போதும். மீட்டரை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இதைப் படிக்கப் புல்லட்டைவிடத் தோதான வண்டி கிடையாது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் நம் ஊர் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள், அடிப்படை மாறாத ஒரே வடிவமைப்பில் வண்டிகள் வந்தன. பாயிண்ட், கண்டன்சர், காயில் வைத்த அந்தப் பழைய வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒரு வயரை விரலால் தொட்டுக்கொண்டே போய் அது முடியும் இடத்தைப் பார்த்துவிடலாம். மின்னியலின் அடிப்படை விதிகள் இத்தனை வெளிப்படையாகத் தெரியும் இயந்திரங்கள் இன்று அருகிவிட்டன.

ஹெட்லைட்டுக்குப் போகும் மின்னோட்டத்தின் பாதையை எடுத்துக்கொள்வோம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு போல்ட்டு. ஃபியூஸ் கூட்டில் இரண்டு பிடிப்புகள். ஆம்பியர் மீட்டரின் பின்னால் இரண்டு நட்டுகள். சாவி ஸ்விட்சுக்குள் ஒரு பித்தளைத் தகடு. பிறகு லைட் ஸ்விட்ச், டிம்-டிப் ஸ்விட்ச், பல்பு ஹோல்டர். பல்பைக் கடந்த பிறகும் பயணம் முடியவில்லை. ஹோல்டரிலிருந்து ஹெட்லைட் கூடு, கூட்டிலிருந்து முன் ஃபோர்க், ஃபோர்க்கிலிருந்து ஸ்டியரிங் பால்ரஸ் குண்டுகள் வழியாக ஃபிரேம், ஃபிரேமிலிருந்து எர்த் வயர் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனை. இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மின்னோட்டத்துக்கு அத்தனையும் மதகுகள். மேட்டூரில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் வழியில் மதகுகள் தூர்ந்திருந்தால் கடைமடை வயலுக்குச் சொட்டுத்தான் வரும். பழைய வண்டியின் ஹெட்லைட் பல்பு எப்போதும் கடைமடையில்தான் இருக்கிறது.

தூர்ந்த இணைப்பு ஒன்று எவ்வளவு விழுங்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 35 வாட் பல்பு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 4 ஓம். பாதையில் எங்கோ ஓரிடத்தில் வெறும் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை நாலரை ஓம் ஆகிறது. மின்னோட்டம் சுமார் 2.6 ஆம்பியர். அந்த இணைப்பிலேயே 1.3 வோல்ட் தொலைந்துபோகிறது. பல்புக்குக் கிடைப்பது 10.7 வோல்ட்.

ஒரு வோல்ட்டும் சில்லறையும்தானே என்று தோன்றும். ஆனால் டங்ஸ்டன் இழையின் வெளிச்சம் வோல்ட்டோடு ஒரே விகிதத்தில் குறைவதில்லை. மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆவது அடுக்குக்கு ஏற்ப அது மாறுகிறது. பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நம் அரை ஓம் செய்த வேலையும் அதுதான்.

இதே அரை ஓம் ஒரு 6 வோல்ட் வண்டியில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்து ராஜ்தூத், ஜாவா, ஆரம்பகாலப் புல்லட் எல்லாம் 6 வோல்ட்தான். அதே 35 வாட்டை 6 வோல்ட்டில் தர வேண்டுமானால் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடியாக வேண்டும், பல்பின் தடையோ ஒரு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு ஓம் பல்புக்கு முன்னால் அரை ஓம் அடைப்பு வந்தால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட் அங்கேயே போய்விடும். பல்புக்கு 4 வோல்ட் மட்டுமே கிடைக்கும். வெளிச்சம் கால்வாசிதான் மிஞ்சும். 6 வோல்ட் வண்டிகளின் விளக்கு மோசம் என்று ஊரெல்லாம் பேச்சு இருந்ததற்குக் காரணம் பல்பு இல்லை. வோல்ட் பாதியானால், அதே தடை விழுங்கும் பங்கு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்ற இந்தக் கணக்குதான்.

தொலைந்த வோல்ட் சும்மா மறைவதில்லை, வெப்பமாகிறது. அந்த 6 வோல்ட் வண்டியின் அரை ஓம் இணைப்பில் 7 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கிறது. கடுகளவு இடத்தில் 7 வாட் என்றால் சாதாரணமில்லை. பிளாஸ்டிக் உறை பழுப்பேறும், இளகும். சூடு ஏறினால் உலோகம் இன்னும் வேகமாக ஆக்சைடு கட்டும், தடை கூடும், சூடும் கூடும். வண்டியின் வயரிங்கில் எங்காவது நிறம் மாறிய, கருகிய, விறைத்துப்போன இணைப்பைக் கண்டால் மீட்டரே வேண்டாம், அங்கே வோல்ட் தொலைந்துகொண்டிருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இணைப்புகள் ஏன் கெடுகின்றன? இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்தி உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் எவ்வளவு வழவழப்பான பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கின்றன. மேடும் மேடும் முட்டும் சில புள்ளிகளில்தான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் புள்ளிகளை ஆராய்வதிலேயே செலவிட்டார். இன்றைய மின் இணைப்பு அறிவியலுக்கு அடித்தளம் அவர் போட்டது.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு அந்தப் புள்ளிகளை ஓயாமல் உராய வைக்கிறது. ஒவ்வொரு உராய்விலும் புது உலோகம் வெளியே வந்து காற்றைத் தொடுகிறது, ஆக்சைடாகிறது. அந்தத் தூள் இடுக்கிலேயே தங்கிவிடுகிறது. இதோடு கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உப்பில் இருக்கும் குளோரைடு, செம்பையும் பித்தளையையும் பச்சைக் களிம்பாக மாற்றிவிடும். செம்பின் ஆக்சைடு ஒரு குறைகடத்தி. 1920-களில் அதை வைத்தே ரெக்டிஃபையர்கள் செய்தார்கள். உங்கள் ஃபியூஸ் கூட்டுக்குள் அப்படி ஒரு படலம் தானாக வளர்ந்திருந்தால் மின்னோட்டம் தடுமாறாமல் என்ன செய்யும்?

இனி மீட்டருக்கு வருவோம். பெரும்பாலோர் இப்படித்தான் சோதிக்கிறார்கள்: பல்பைக் கழற்றுவது, ஹோல்டரில் மீட்டரின் இரு முனைகளையும் வைப்பது. 12.6 காட்டுகிறது. ‘கரன்ட் சரியா வருது, பல்புதான் போச்சு’ என்று முடிவு. புதுப் பல்பு போட்டாலும் மங்கல்தான்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் பொருந்தாத கேள்வி. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். 12 வோல்ட்டில் அது எடுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வழியில் 1000 ஓம் அளவுக்குக் களிம்பேறிய இணைப்பு இருந்தாலும் இத்தனை சின்ன மின்னோட்டத்துக்கு அங்கே ஆயிரத்தில் ஒரு வோல்ட் அளவே குறையும். பல்பு கேட்பதோ 3 ஆம்பியர். மின்னோட்டம் ஓடாதபோது ஒரு இணைப்பின் தரம் தெரியவே தெரியாது. அனுபவப்பட்ட ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வயர் கோத்த பழைய இண்டிகேட்டர் பல்பை எடுப்பது இதனால்தான். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். அது பளிச்சென்று எரிந்தால் பாதை நிஜமாகவே திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் மீட்டரையும் அதே நேர்மையோடு பயன்படுத்த முடியும். பல்பைக் கழற்றாதீர்கள். ஹெட்லைட்டை எரியவிடுங்கள். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இணைப்பின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையில் எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். நல்ல இணைப்பில் விடை கிட்டத்தட்டப் பூஜ்யம். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இடத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ராயபுரத்தில் நண்பர் ஒருவரின் 350 சிசி புல்லட்டில் இதைச் செய்து பார்த்தோம். எஞ்சின் ஓடாதபோதும் ஹெட்லைட் எரியும் வகை அது. (சில வண்டிகளில் ஹெட்லைட் நேராக ஆல்டர்னேட்டரிலிருந்து ஓடும், அவற்றில் ஹார்ன், பிரேக் லைட் போன்ற பேட்டரி வேலைகளை வைத்துச் சோதிக்க வேண்டும்.) லைட் எரியும்போது பேட்டரி முனைகளில் 12.3 வோல்ட். பல்பின் முனைகளில் 9.9. வழியில் 2.4 வோல்ட் காணோம். வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது.

பாசிட்டிவ் பக்கம் முதலில். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை பல்புக்கு வரும் வயரின் நுனியில்: 0.7 வோல்ட். நெகட்டிவ் பக்கம், பல்பின் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை: 1.7. இரண்டையும் கூட்டினால் காணாமற்போன 2.4 சரியாக வந்துவிடுகிறது. பாதி வேலை இந்தக் கூட்டலிலேயே முடிந்தது. பெரிய திருட்டு எர்த் பக்கம் என்று தெரிந்துவிட்டது. கறுப்பு முனையைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, சிவப்பு முனையை மட்டும் நகர்த்திக்கொண்டே வந்தோம். ஹெட்லைட் கூட்டில் 1.6. ஃபோர்க்கில் 1.5. ஃபிரேமில், பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில், 0.1. ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 1.4 வோல்ட் விழுந்திருந்தது. நடுவில் இருப்பது ஸ்டியரிங் பால்ரஸ். கிரீஸ் பூசிய எஃகுக் குண்டுகள் வழியாக 2.6 ஆம்பியர் போய்வரப் போராடிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரை ஆட்டினால் மீட்டரில் எண் தாவியது.

ஹெட்லைட் கூட்டிலிருந்து ஃபிரேமுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்ததும் பல்பில் 11.4 வந்தது. பாசிட்டிவ் பக்கத்தில் அதிகம் விழுங்கியது சாவி ஸ்விட்ச். அதைத் துடைத்த பிறகு 11.8. புதிதாக வாங்கியது ஒரு முழ வயரும் இரண்டு வளையங்களும்.

எர்த் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். பாசிட்டிவ் வயருக்குக் கொடுக்கும் மரியாதையை யாரும் எர்த்துக்குக் கொடுப்பதில்லை. ஓடுகிற ஒவ்வோர் ஆம்பியரும் திரும்பி வந்தாக வேண்டும், திரும்பும் வழி இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் அடித்துப் புத்தம் புதிதாகக் கொண்டுவந்து மாட்டிய வண்டிகளில், எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும் ஒன்றும் வேலை செய்யாமல் போவதை நிறையப் பார்க்கலாம். பெயின்ட் ஓர் அருமையான மின்கடத்தாப் பொருள். எர்த் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

எர்த் அறுந்தால் மின்னோட்டம் வேறு வழி தேடும். பின் விளக்குக் கூட்டின் எர்த் போய்விட்டால், பிரேக் பல்பின் மின்னோட்டம் இண்டிகேட்டர் இழை வழியாகவோ டெயில் இழை வழியாகவோ சுற்றிக்கொண்டு போகும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிவதன் ரகசியம் இதுதான். இரண்டு விளக்குகள் சம்பந்தமில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து விளையாடினால் முதல் சந்தேகம் எர்த் மேல் விழட்டும்.

எஞ்சின் பக்கம் வருவோம். பிளக்கில் பொறி வரும் கதை 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலில் தொடங்குகிறது. காந்தப்புலம் மாறினால் அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகம் பிறக்கும். இதை வண்டிக்குப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங். 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காக அவர் செய்த ஏற்பாட்டின் வாரிசுதான் நம் பழைய புல்லட்டில் இருப்பது.

காயிலுக்குள் இரண்டு சுற்றுகள். முதல் சுற்றின் தடை மூன்று நான்கு ஓம். பாயிண்ட் மூடியிருக்கும்போது அதில் 3 ஆம்பியர் அளவுக்கு ஓடி இரும்பு மையத்தைக் காந்தமாக்குகிறது. சிலிண்டருக்குப் பின்னால் வட்ட மூடிக்குள் சுழலும் கேம், பாயிண்ட்டை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை திறக்கிறது. மின்னோட்டம் சட்டென்று அறுபடுகிறது, காந்தப்புலம் சரிகிறது. முதல் சுற்றிலேயே 200, 300 வோல்ட் எழும்புகிறது. நூறு மடங்கு அளவுக்கு அதிகச் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் அது பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டிப் பிளக்கின் இடைவெளியில் பாய்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது இது வினாடிக்கு 25 தடவை நடக்கிறது.

பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும். அதுதான் கண்டன்சர். பாயிண்ட் திறக்கும் நொடியில் மின்னோட்டம் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். தாண்டினால் பொறி பாயிண்ட்டிலேயே வந்துவிடும், காந்தப்புலம் மெதுவாகச் சரியும், பிளக்குக்கு மிச்சமிருக்காது. கண்டன்சர் அந்த முதல் உந்தலைத் தனக்குள் வாங்கிக்கொண்டு அறுப்பைச் சுத்தமாக்குகிறது. ஆகவே கண்டன்சர் கெட்டால் இரண்டு அடையாளங்கள் சேர்ந்தே வரும்: பிளக்கில் பொறி வலுவிழக்கும், பாயிண்ட் கருகும்.

இங்கேயும் தொலையும் வோல்ட் தன் வேலையைக் காட்டுகிறது. காயிலில் சேரும் ஆற்றல், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். வழியில் இருக்கும் இணைப்புகள் விழுங்கியதால் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், பொறியின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். காயில் நன்றாகவே இருக்கும். அதை மாற்றிப் பயனில்லை.

பழைய புல்லட்டின் ஹெட்லைட் கூட்டின் மேல் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், ஆம்பியர் மீட்டர். பலர் அதை அலங்காரமாகவே வைத்திருக்கிறார்கள், ஊசி செத்துப்போனாலும் கவலைப்படுவதில்லை. எனக்கு அந்த ஊசி மேல் தனி அன்பு உண்டு. கிளம்ப மறுக்கும் வண்டியின் பாதி நோயை, ஸ்பேனரைத் தொடாமலே அது சொல்லிவிடும். லைட்டுகளை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். கிக்கரை வேகமாக உதைக்காமல், கையால் அல்லது காலால் மெல்ல மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது ஊசி இடப்பக்கம், மைனஸில், மூன்று ஆம்பியர் அளவுக்குச் சாய வேண்டும். திறக்கும்போது பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். இப்படிச் சாய்ந்தும் திரும்பியும் ஆடினால் பேட்டரி, சாவி, காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் எல்லாம் ஒரே சங்கிலியாக வேலை செய்கின்றன. கோளாறு கண்டன்சரிலோ, காயிலின் இரண்டாம் சுற்றிலோ, பிளக் வயரிலோ, பிளக்கிலோ இருக்கலாம், அல்லது பெட்ரோல் பக்கம் இருக்கலாம்.

ஊசி பூஜ்யத்திலேயே உறைந்து நின்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. எண்ணெய் படிந்த பாயிண்ட், எரிந்த ஃபியூஸ், விட்டுப்போன வயர். மைனஸிலேயே படுத்துவிட்டால் பாயிண்ட் திறக்கவே இல்லை, அல்லது பாயிண்ட்டுக்கு வரும் வயரோ கண்டன்சரோ எர்த்தில் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒரே ஊசி, மூன்று விடை. வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை மறந்து போனால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஊசியே காட்டும். பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், காயில் கொதித்துக்கொண்டே பேட்டரியைக் காலி செய்துகொண்டிருக்கும்.

பாயிண்ட்டைச் சுத்தம் செய்யக் கரடுமுரடான உப்புத்தாள் வேண்டாம். அதன் துகள் உள்ளே தங்கிப் புதுத் தடையாகும். மிக நைஸான தாளால் லேசாக இழைத்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, கடைசியில் ஒரு விசிட்டிங் கார்டைப் பாயிண்ட்டுகளின் நடுவே வைத்து இழுத்தால் மிச்ச அழுக்கும் வந்துவிடும். பிறகு சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், அதன் வயர் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

சூடானால் நிற்கும் வண்டிக்கு இரண்டு முக்கியச் சந்தேக நபர்கள் உண்டு. கண்டன்சர் சூடான சிலிண்டருக்கு அருகிலேயே இருப்பதால், அதன் உள்ளே இருக்கும் மின்காப்பு சூட்டில் தளர்ந்து கசியத் தொடங்கும். ஆறினால் மீண்டும் பிடித்துக்கொள்ளும். காயிலுக்குள் முடியளவு விரிசல் விட்ட கம்பி, வெப்பத்தில் விரிந்து பிரியும், குளிர்ந்தால் சேரும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே சோதித்தால்தான் பிடிபடும். சூட்டோடு சூடாக, நல்ல கண்டன்சர் ஒன்றைப் பழையதன் வயரைக் கழற்றிவிட்டு இரண்டு முதலைக் கிளிப்புகளால் பாயிண்ட் முனைக்கும் எர்த்துக்கும் இடையில் மாட்டிப் பாருங்கள். பொறி திரும்பினால் தீர்ப்பு உறுதி.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. வண்டி கொஞ்ச தூரம் ஓடி நிற்கும், சிறிது நேரம் கழித்துக் கிளம்பும். சூட்டில் சாகும் கண்டன்சரின் அச்சு அசல் நடிப்பு. மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் மின்சாரத்தின் மேல் பழி வேண்டாம்.

பேட்டரியும் சார்ஜிங்கும் சுருக்கமாக. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட் வீதம் முழுசாகச் சார்ஜ் ஆனால் 12.6. ஓய்வில் 12.0-க்கு இறங்கினால் கால்வாசிதான் மிச்சம். அப்படியே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் ஈய சல்ஃபேட் பெரிய படிகங்களாக இறுகி, பிறகு சார்ஜ் ஏறாது. எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி ஓட்டும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட் அளவுக்கு வர வேண்டும். 12.4-லிருந்து மேலே ஏறவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வயர்களையும் ரெக்டிஃபையரின் எர்த்தையும் முதலில் பாருங்கள். 15-ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. அமிலம் கொதிக்கும், பல்புகள் வரிசையாகப் போகும். ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றிச் சார்ஜிங் பார்ப்பது ஒரு கெட்ட பழக்கம். பேட்டரி என்னும் நங்கூரம் போனதும் வோல்ட் எகிறும். இன்னொன்று, அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பழைய வண்டி ஒன்று கைக்கு வந்தால், எந்த முனை ஃபிரேமுக்குப் போகிறது என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டினால் டயோடுகள் ஒரே கணத்தில் போய்விடும்.

கடைசியாக, ஃபியூஸை அடிக்கடி எரிக்கும் ஷார்ட். இதில் காட்டும் அலட்சியம்தான் வண்டியையே எரிக்கிறது. ஃபியூஸ் போனதும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுவதும், செம்புக் கம்பியைக் கட்டுவதும் வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும், அதற்கு நேர் மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

ஷார்ட் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் ஒளிந்திருக்கும்: ஸ்டியரிங் கழுத்து, டேங்க்குக்கு அடியில் வயர்க்கட்டு ஃபிரேமோடு உரசும் இடம், பின் மட்கார்டின் துளை. பி.வி.சி. உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் வருடங்கள் போகப் போக வெளியேறிவிடும். உறை விறைத்து வெடிக்கும். கழுத்துப் பகுதியில் உள்ளே இருக்கும் செம்பு இழைகளும் திரும்பத் திரும்ப மடங்கி, இறுகி, ஒவ்வொன்றாக அறும். வெளியே உறை முழுசாகத் தெரியும். இடது பக்கம் திருப்பினால் எஞ்சின் நிற்பது இங்கேதான். சந்தேகப்படும் வயரை இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே அறுந்த வயர் ரப்பராக நீளும்.

ஷார்ட்டைத் தேட, டேங்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, எரிந்த ஃபியூஸின் இடத்தில் அதே 21 வாட் பல்பை மாட்டுங்கள். எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. வயருக்கு ஆபத்தில்லை, ஃபியூஸும் வீணாகாது. ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். இணைப்பு இணைப்பாகக் கழற்றிக்கொண்டும் வயர்க்கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டும் வாருங்கள். எந்த இடத்தைத் தொட்டதும் பல்பு மங்குகிறதோ அங்கேதான் செம்பு ஃபிரேமைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வயரின் நைந்த துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டைச் சால்டர் செய்து, மேலே சுருங்கும் குழாய் உறை போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அடுத்த மழைக்காலத்தைத் தாங்காது. உரசிய விளிம்புக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முட்டும்வரை திருப்பி, எந்தப் பக்கத்திலும் வயர் விறைப்பாக இழுபடாமல் தொய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு எழுதியிருக்கும் அதே ஆம்பியர் அளவில் ஃபியூஸ் போட்டு, பிறகு டேங்க்கை ஏற்றுங்கள்.